என் வழியாக வந்த கண்

மகன் ரயில் வேலைக்கான எழுத்துச் சோதனையில் பாஸ் என்று கடிதம் வந்த அன்று, நான் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றுகொண்டு பக்கத்துக் காம்பிராக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒரு சொல் சொன்னேன். "என் பக்கத்து ரத்தம். சும்மாவா போகும்?"

அப்படிச் சொல்வது எனக்கு வழக்கம்தான். அவன் நெற்றி என் அப்பாவின் நெற்றி. கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுகிறானே, அதுவும் என் அப்பாதான். கணக்கு அவனுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி வரும். அதையும் என் பக்கத்திலேயே சேர்த்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். "அப்ப நான் யாரு, தோட்டத்து வாச்சரா?" என்பார். அவருடைய தங்கச்சி எங்கள் லயத்து வரிசையில் நாலு காம்பிரா தள்ளி இருக்கிறாள். எனக்கு நாத்தனார். அவள் விடமாட்டாள். "ஏன் அண்ணி, அவனுக்குச் சளி புடிச்சு மூக்கு ஒழுகுறது மட்டும்தான் எங்க பக்கமா?" என்று கேட்பாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போகும். இப்போது எனக்கு வேறு வேலை இல்லை, அதனால் பொழுது போனால் போகட்டும். முப்பத்தெட்டு வருசம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். எந்தக் கணக்கப்பிள்ளையும் என்னை 'ஏய்' என்று கூப்பிட விட்டதில்லை. ஒருவர் கூப்பிட்டார். நிறுவையில் கூடையை இறக்காமலே நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் இறக்கினேன்.

அந்தக் கடிதம் எங்களுக்கு என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு ரெண்டு காம்பிரா, ரெண்டே அறை. அது தோட்டத்தின் வீடு, எங்களுடையது இல்லை. வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எனக்கு வயதாகிப் பேர் வெட்டியாகிவிட்டது. வீட்டுக்காரருக்கு இடுப்பு போய்விட்டது, வேலையை இன்னும் ஒரு வருசம் இழுப்பார். மகள் கல்யாணமாகிப் பொகவந்தலாவைப் பக்கம் போய்விட்டாள். மிச்சம் இவன் ஒருவன். என் நாப்பதாவது வயதில், இனிமேல் இல்லை என்று நினைத்திருந்தபோது வந்தவன். இவன் பேர் பதியக்கூடாது என்று நான் சாமி முன்னால் சொல்லியிருந்தேன். ஆனால் இவன் பேர் பதியாவிட்டால் எங்களுக்குக் கூரை நிச்சயம் இல்லை. ரயில் வேலை கிடைத்தால் அவனுக்குச் சம்பளம் வரும், டவுனில் ஒரு வாடகை வீடு எடுக்கலாம். வேறு வாசல் எங்களுக்கு இருக்கவில்லை.

ரயில் கோச்சி ஓட்டப் பழகுகிற வேலை அது. முதலில் சில வருசம் எஞ்சினில் உதவிக்கு நிற்க வேண்டும், பிறகு ஓட்டலாம். எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் கீழே வட்டகொடை ஸ்டேசனுக்குப் போகிற தண்டவாளம் தெரியும். நான் கொழுந்து எடுத்த காலமெல்லாம் மேலே நின்று பார்த்த கோச்சியை என் மகன் ஓட்டப்போகிறான் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோசத்தில்தான்.

இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. உடம்பைப் பரிசோதிக்க ஒரு நாள் கொழும்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கண், காது, ரத்தம் எல்லாம் பார்ப்பார்களாம். தலவாக்கலையில் நாங்கள் சாமான் வாங்குகிற கடைக்கார முஸ்லிம் நானாதான் யோசனை சொன்னார். "அக்கா, அங்க போறதுக்கு முந்தி இங்க ஆஸ்பத்திரியில ஒருக்கா கண்ணைக் காட்டுங்க. கண்ணாடி வேணும்னு சொன்னா முன்கூட்டியே போட்டுக்கிட்டுப் போகலாம்தானே" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார்.

கண் கிளினிக்கில் ஒரு சிங்கள டொக்டரம்மா இருந்தார். சின்ன வயது. தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் மகன் வாசித்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கழுகுக் கண் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டொக்டரம்மா ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புள்ளிகள். சின்னதும் பெரிசுமாக, பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக, யாரோ பொட்டுகளைக் கொட்டி வைத்த மாதிரி. அந்தப் புள்ளிகளுக்குள்ளே இலக்கம் இருக்கிறது, என்ன இலக்கம் என்று சொல்லச் சொன்னார்.

முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றான். அடுத்த பக்கத்தில் சும்மா இருந்தான். அதற்கடுத்த பக்கத்திலும் சும்மா இருந்தான். நான் பின்னால் நிற்கிறேன், எனக்குக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதின மாதிரித் தெரிகிறது. விளையாடுகிறானோ என்று நினைத்தேன். பொறுக்கமுடியவில்லை.

"எழுபத்தி நாலுடா" என்றேன்.

"அம்மா, நீங்க சொல்ல வேணாம்" என்றார் டொக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவனிடம் சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார். அவன் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். மகனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது, பிறவியிலேயே அப்படித்தான், மருந்து இல்லை, கண்ணாடியும் இல்லை, மற்றபடி கண் நல்ல கண் என்றார். எனக்கு முதலில் வந்த வார்த்தை எது தெரியுமா? "அது அவங்க அப்பா பக்கமா இருக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனையால் ரெண்டு கோடு போட்டார். "இது நீங்க" என்றார். பக்கத்தில் ஒற்றைக் கோடு போட்டு, "இது மகன்" என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். நிறம் பார்க்கிற புத்தி உடம்புக்குள்ளே ஒரு நூலில் எழுதியிருக்கிறது. பொம்பளைக்கு அந்த நூல் ரெண்டு. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்றில் எழுத்து அழிந்திருந்தாலும் மற்றதை வைத்துச் சமாளித்துவிடும், அவளுக்கே தெரியாது. ஆம்பளைக்கு அந்த நூல் ஒன்றுதான். அதை அம்மாதான் கொடுக்கிறாள். அப்பா மகனுக்கு வேறு எதையோ கொடுக்கிறார், அந்த நூலைக் கொடுப்பதில்லை. என்னிடம் ஒன்று நல்லது, ஒன்று அழிந்தது. எது அவனுக்குப் போகும் என்பது யார் கையிலும் இல்லை. அழிந்தது போய்விட்டது.

"நான் நல்லாத்தான் பார்க்கிறேன்" என்றேன்.

"நீங்க பார்ப்பீங்க. நீங்க சுமக்கிறது மட்டும்தான்" என்றார். பிறகு, "உங்க அப்பாவுக்கு நிறம் பார்க்கிறதுல கரைச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன், பட்டென்று.

பஸ்ஸில் மகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தேன். டொக்டரம்மாவுக்கு நான் சொன்ன 'இல்ல' தப்பு. ஏனென்றால், பஸ் முதல் வளைவு திரும்பும் முன்னாலேயே எனக்கு ஸ்டோர் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. என் அப்பா அதில்தான் வேலை செய்தார். அரைத்த கொழுந்தைப் பரப்பி வைக்கிற இடத்தில் நிற்பார். அரைத்தது முதலில் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டுச் செம்பு நிறமாகும். சரியான செம்பு வரும்போது அள்ளிச் சூட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தேத்தண்ணி புளிக்கும். அப்பா அதில் கெட்டிக்காரர் என்று பேர். குனிந்து, ஒரு கை அள்ளி, மூக்கில் வைத்து, "ம், எடுங்க" என்பாராம். அவர் மூக்கில் வைக்கிறதை எல்லாரும் ஒரு பழக்கம் என்று நினைத்தார்கள்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். ஒருநாள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், தொரை பங்களாவுக்குப் போயிருந்தார். அன்றைக்கு அப்பா பொறுப்பில் இருந்தது எல்லாம் கெட்டுப்போனது. அத்தனையையும் ஸ்டோருக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் கறுத்துப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான், குடித்திருக்கிறான் என்று சொன்னார்கள். அப்பா தவறணை, கள்ளுக்கடைப் பக்கம் போகாத மனுசன். தொரை கேட்டபோது அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "மூக்கு அடைச்சிருந்துச்சு தொரை."

ஸ்டோரே சிரித்தது. "மூக்கு அடைச்சா கண்ணுமா தெரியாது?" என்று கேட்டார்கள். அப்பா ஸ்டோரிலிருந்து கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டுகிற வேலைக்கு, இறக்கப்பட்டார். சாகும் வரை கத்திதான். எங்கள் அப்பாவுக்கு 'மூக்கடைப்பான்' என்று பேராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில், மலையில், நான் மூக்கடைப்பான் மகள். நான் ஏன் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் என்று கேட்டால், அதுதான். குனிந்தால் அந்தப் பேர் மேலே ஏறி உட்கார்ந்துவிடும்.

சாகும் வரை அப்பா வேறு பதில் சொல்லவில்லை. தனக்கு நிறம் தெரியாது என்பது அவருக்கே தெரிந்திருக்காது. எல்லாரும் தன்னைப் போலத்தான் பார்க்கிறார்கள், செம்பு நிறம் என்பது வாசத்துக்கு இன்னொரு பேர் என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அவருக்குச் சளி. அவர் சொன்னது பச்சை உண்மை. அது விளங்க எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. சிரித்தவர்களிடம் போய்ச் சொல்லலாம் என்றால் ஒருத்தரும் உயிரோடு இல்லை. அப்பாவின் மேல் இருந்த கறையை மகன் துடைத்துவிட்டான். துடைத்த கையோடு அவன் வாசல் மூடிக்கொண்டது.

வீட்டில் சொன்னோம். ஒரு மணி நேரத்தில் நாத்தனார் வந்துவிட்டாள். பால் போடாத சாயத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, "எல்லாம் ஒங்க பக்கம்னு சொல்லுவீங்களே அண்ணி. இதையும் எடுத்துக்கங்க, நாங்க பங்கு கேக்கல" என்றாள்.

எப்போதும் போல ஏதாவது திருப்பிச் சொல்வேன் என்று பார்த்தாள். நான் அடுப்பை ஊதப் போனதும் அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "சும்மா சொன்னேன் அண்ணி, ரொட்டிக்கு மாவு இருக்கா?" என்று பேச்சை மாற்றினாள்.

கொழும்புக்குப் போக இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. ரெண்டு நாள் மகன் பேசவில்லை. மூன்றாம் நாள் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"அம்மா, அந்தப் பொத்தகம் இதுல இருக்கு. எல்லா எடத்துலயும் இதே பொத்தகம்தானாம். நீ இலக்கத்தைச் சொல்லு, நான் பாடமாக்கிறேன்."

"டொக்டரம்மா என்னா சொன்னாங்க?"

"டொக்டரம்மாவா சம்பளம் தரப்போறாங்க?"

வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடியே, "சொல்லிக் குடு. எல்லாரும் ஏதாவது ஒண்ணு செஞ்சுதான் உள்ள போறாங்க" என்றார். அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது, புள்ளிகள் தெரியாது. பார்க்கிற கண் வீட்டில் என்னுடையதுதான்.

நான் சொல்லிக்கொடுத்தேன். இதை மறைக்கமாட்டேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்னப் போனைக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகச் சொன்னேன். எழுத்து எனக்குத் தடுமாறும், இலக்கம் தடுமாறாது. நிறுவைத் தராசில் எத்தனை வருசம் பார்த்திருக்கிறேன். அவன் கெட்டிக்காரன். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் இருக்கிற பெரிய புள்ளி எங்கே இருக்கிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டான். மேலே வலப்பக்கம் பெரிசாக ஒன்று இருந்தால் ஆறு. கீழே ரெண்டு ஒட்டிக்கொண்டு இருந்தால் நாப்பத்தைந்து. பக்கத்தைக் கலைத்துப் போட்டாலும் சொன்னான். பத்து நாளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் கைதட்டினேன். கைதட்டின பிறகுதான் உள்ளே ஏதோ இடறியது.

"சரி, இதுல பாஸாயிருவ. எஞ்சின்ல ஏறின பொறகு?" என்று கேட்டேன்.

"கைகாட்டி சிக்னல் இருக்குதானே. கை எறங்கியிருந்தா போகலாம், நீட்டிக்கிட்டு இருந்தா நிக்கணும். கலரே தேவையில்ல."

"இருட்டுல கை தெரியுமா?"

"இருட்டுல வெளக்கு எரியும்."

"அந்த வெளக்குக்குக் கலரு இல்லையா?"

அவன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். "எஞ்சின்ல நான் மட்டும் இல்லம்மா. ரெண்டு பேரு. அவரு சொல்லுவாரு."

"அவரு என்னா, ஒனக்கு அம்மாவா, காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்க?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றான். சத்தம் போடவில்லை. "பேர் பதியவா? சொல்லு, நாளைக்கே பெரட்டுல போய் நிக்கிறேன்."

காலையில் ஆளைப் பிரித்து வேலை கொடுக்கிற இடம்தான் பெரட்டு. அங்கே அவன் நிற்கக்கூடாது என்று சாமி முன்னால் சொன்னவள் நான். அந்த மிச்ச நாளெல்லாம் நான் ரெண்டு பக்கமும் கல் கட்டின மாதிரி இருந்தேன். மலையைப் பார்த்தால் அப்பா குனிந்து ஒரு கை அள்ளுகிறார். தண்டவாளத்தைப் பார்த்தால் பெட்டி பெட்டியாக ஆட்கள் போகிறார்கள், ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, பார்சல் சோறு தின்றுகொண்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு. அப்பா கெடுத்தது ஒருநாள் தேயிலை. கொட்டிவிட்டு வந்தார்கள்.

போகிற நாள் வந்தது. நான் கூடப் போவதாகச் சொன்னேன். விடிந்தும் விடியாத நேரம் வட்டகொடை ஸ்டேசனில் நின்றோம். பனி என்றால் அப்படிப் பனி. பிளாட்பாரத்தில் நின்றவனுக்குத் தண்டவாளம் தெரியவில்லை. எங்கள் கோச்சி மேலே எங்கேயோ பிந்தி வருகிறது என்று சொன்னார்கள். மகன் புதுச் சட்டை போட்டிருந்தான். கையில் கடிதம் வைத்த கவர். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது, இலக்கங்களைச் சொல்லிப் பார்க்கிறான்.

ஸ்டேசனின் மேல் முனையில், நானுஓயாப் பக்கம் போகிற கோச்சிகளுக்கு ஒரு கைகாட்டி உண்டு. எங்கள் கோச்சிக்கு அதில் வேலை இல்லை. அன்றைக்கு மரமும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. பச்சை.

நான் திட்டம் போட்டுக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அந்தா எரியுதே, அது என்னா கலரு?"

அவன் உதடு நின்றது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"பச்சை" என்றான்.

சரிதான். ஆனால் சொன்னதும் அவன் விளக்கைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருபத்தைந்து வருசம் தெரியாமல் இருந்திருக்கிறேன். சின்னதில் பழுத்த மிளகாய் பறிக்கச் சொன்னால், ஒன்றைத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். கொடியில் இருந்து அந்தச் சிவப்புத் துண்டை எடு என்றால், கை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். என் முகம் மாறவில்லை என்றால் எடுப்பான். அம்மா மேல் பாசம் என்று நினைத்தேன். கேட்கிற பிள்ளை என்று ஊரில் பெருமை பேசினேன். அவன் என் முகத்தில் நிறம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எஞ்சினில் என் முகம் இருக்காது.

'போகவேண்டாம்' என்று சொன்னால் கேட்கமாட்டான். பத்து நாள் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தவள் சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் நான் முகத்தை மாற்றினேன். பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேர் எடுத்தவள், பிளாட்பாரத்தில் நின்று என் மகனைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்ல. செவப்பு."

"நெசமாவா?"

"நெசமா."

அவன் இன்னொரு தடவை விளக்கைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். கவரை முழங்காலில் வைத்துக்கொண்டான். நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு ஒரே பயம், பனி விலகிவிடுமோ என்று. விலகினால் கை இறங்கியிருக்கிறது தெரிந்துவிடும். முப்பத்தெட்டு வருசம் மலையில் நின்று, வெயில் வரட்டும் என்று கேட்டிருக்கிறேன். பனி நிற்கட்டும் என்று கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"செவப்பையே பச்சைங்கிறேன்" என்றான், தனக்குத்தானே. பிறகு எழும்பினான். "வா, வீட்டுக்குப் போவோம்."

ஸ்டேசனிலிருந்து லயத்துக்குக் குறுக்குப் பாதை ஏற்றம். அவன் முன்னால் போனான், நான் பின்னால். பாதி ஏறியிருப்போம். கீழே தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. சாமான் கோச்சி. ஸ்டேசனில் நிற்காமல் ஊதிக்கொண்டு நேரே மேலே போனது, நானுஓயாப் பக்கம், அந்தக் கைகாட்டியைத் தாண்டி. விளக்கு சிவப்பாக இருந்தால் அது அப்படிப் போயிருக்க முடியாது. பச்சை எரிந்தால்தான் போகும். இது எனக்கே தெரியும் என்றால், எழுத்துச் சோதனைக்கு மூன்று மாதம் அதையே படித்த அவனுக்குத் தெரியாதா?

அவன் நின்றான். நான் நின்றேன். அவன் முதுகைத்தான் பார்த்தேன். சத்தம் போய்த் தேயும் வரைக்கும் நின்றான். திரும்புவான், கேட்பான் என்று நினைத்தேன். திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் ஒரு தரம் கவரைக் கை மாற்றிக்கொண்டு, திரும்பாமலே ஏறினான்.

ஊருக்கு 'கண்ணில் பெயில்' என்று சொன்னோம். வீட்டுக்காரருக்கும் அதுதான் தெரியும். அடுத்த கிழமை மகன் பேர் பதிந்தான். தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் டாங்கியோடு காலையில் போகிறான், பின்னேரம் வருகிறான். வீட்டைப் பற்றி இப்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவன் என்னோடு முகம் முறிக்கவும் இல்லை. "சோறு போடும்மா" என்பான், போடுவேன். "மழை வருமா?" என்பேன், "வரும்" என்பான். ஒன்று மட்டும் நின்றுவிட்டது. சட்டை வாங்கினாலும், காய் வாங்கினாலும், அவன் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைக்காரனிடம் கேட்டுக்கொள்கிறான்.

மகள் மாசமாக இருக்கிறாள் என்று போன கிழமை செய்தி வந்தது. அவளுக்கும் அந்த அழிந்த நூல் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். டொக்டரம்மா அதையும் சொன்னார். ஆம்பளைப் பிள்ளை பிறந்து பேச்சு வந்த பிறகு, மிளகாயைக் காட்டிக் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். நாத்தனார் இப்போதே கேட்கிறாள், "பொறக்கப் போறது யாரு பக்கம் அண்ணி?" என்று. நான் ரத்தப் பேச்சை விட்டு வெகுநாள் ஆகிறது.

மகனிடம் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால், சரியாகச் சொன்னவனை நான் இழுத்துவிட்டேன் என்றாகும். சொல்லாவிட்டால், அவனைத் தோற்க வைத்தது அவன் கண்தான் என்றே அவன் நினைத்துக்கொண்டு கிடப்பான். அல்லது எல்லாம் தெரிந்தே, அம்மா பொய்யை அம்மாவுக்கு விட்டுவிட்டு நடக்கிறானா, அதுவும் தெரியவில்லை. என் அப்பாவின் பேரன், பேசமாட்டான்.

அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு விளக்கு பச்சை. அவன் சொன்னது சரி. நான் சொன்னது பொய்.

நான் எழுதுகிற இந்தக் கொப்பியை ஒளித்து வைப்பதில்லை. அவன் சட்டை மாட்டுகிற ஆணிக்குக் கீழே, சுவர்த் தட்டில், கண்ணுக்குப் படுகிற இடத்தில்தான் வைக்கிறேன். ஒவ்வொரு பக்கம் எழுதி முடித்ததும் அங்கேதான் வைத்திருக்கிறேன், நாலு மாதமாக. காலையில் எடுக்கிறபோது வைத்தபடியே இருக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு அதே மாதிரித் திரும்ப வைக்கக்கூடிய பிள்ளைதான் அவன்.

இன்றைக்கும் அங்கேதான் வைக்கப்போகிறேன்.